இறங்கும் விமானங்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி? டெல்டாக்காரர்கள் என்னிடம் கேட்டவை

எங்கள் ஊர் திருவையாற்றுக்குப் பக்கம். முப்பது வருஷத்துக்கு மேல் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டில் வேலை பார்த்து, ஓய்வு பெற்று ஊரோடு வந்துவிட்டேன். எங்கள் பகுதியில் வீட்டுக்கு ஒருவராவது சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ துபாயிலோ இருப்பார். வழியனுப்பவும் அழைத்து வரவும் திருச்சி விமான நிலையத்துக்குப் போகாத குடும்பமே இல்லை. அதனால் கல்யாணப் பந்தியில், நெல் காய்கிற களத்தில், கும்பகோணம் பஸ்ஸில் என்று எங்கே பார்த்தாலும் என்னிடம் ஒரே மாதிரிக் கேள்விகள்தான் வருகின்றன. கேட்டவர்கள் எப்படிக் கேட்டார்களோ அப்படியே எழுதி, கீழே பதில் சொல்லியிருக்கிறேன்.

1. ஏ.டி.சி.ன்னா யாரு சார்? ரெண்டு கையிலயும் குச்சி வச்சுக்கிட்டு விமானத்துக்கு வழி காட்டுறாரே, அவரா?

அவர் மார்ஷலர். விமானம் வந்து நிற்கிற இடத்தில் கடைசிச் சில அடிகளுக்கு வழிகாட்டுபவர். ஏ.டி.சி. என்றால் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு. அதன் கன்ட்ரோலர் உங்கள் கண்ணில் படமாட்டார். உயரமான டவரில் கண்ணாடிக்குப் பின்னால் ஒருவர் இருப்பார். கீழே இருட்டான அறையில் ரேடார் திரைக்கு முன்னால் இன்னொருவர் இருப்பார். இந்தியாவில் இந்த வேலையைப் பெரும்பாலும் இந்திய விமான நிலைய ஆணையம் செய்கிறது.

சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு ஒரு விமானம் வருகிறது என்று வையுங்கள். வங்கக் கடலுக்கு மேலே அது சென்னைக் கட்டுப்பாட்டு மையத்தின் பொறுப்புக்கு வரும். அதற்கு ஏரியா கன்ட்ரோல் என்று பெயர். கரையை நெருங்கி உயரம் குறைக்கத் தொடங்கிய பிறகு திருச்சி அப்ரோச் கன்ட்ரோலர் வாங்கிக்கொள்வார். ஓடுபாதைக்கு நேராக வந்ததும் டவர். மேட்டூரில் திறந்த தண்ணீரைக் கல்லணையில் பிரித்துவிட, கிளை வாய்க்கால் மதகில் இன்னொரு லஸ்கர் வாங்கிக்கொள்கிற மாதிரிதான். ஒவ்வொரு கைமாற்றத்திலும் பைலட் ரேடியோ அலைவரிசையை மாற்றி, அடுத்தவரைக் கூப்பிட்டுத் தன் உயரத்தைச் சொல்வார்.

2. ஆப்புல பார்த்தா ரெண்டு விமானம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்குதே, மோதிக்காதா?

செல்போன் திரை தட்டையானது. அதில் உயரம் தெரியாது. அந்தப் படத்தைத் தொட்டுப் பாருங்கள், ஒவ்வொன்றின் உயரமும் எண்ணாக வரும். ஒன்று 35,000 அடியிலும் மற்றது 36,000 அடியிலும் இருக்கும்.

மேலும் கீழுமாகக் குறைந்தது 1,000 அடி. இதுதான் அடிப்படை விதி. ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 236 அடி. நான்கு ராஜகோபுரங்களை அடுக்கினாலும் 1,000 அடிக்கு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். முன்பெல்லாம் 29,000 அடிக்கு மேலே போனால் 2,000 அடி விடுவோம், உயரமானியின் துல்லியம் அங்கே குறைவு என்பதால். கருவிகள் மேம்பட்ட பிறகு நம் வானத்தில் 2003 நவம்பரிலிருந்து 41,000 அடி வரைக்கும் ஆயிரமே போதும் என்றானது.

3. சரி, ஒண்ணு பின்னாடி ஒண்ணு இறங்குறப்ப எவ்வளவு தூரம் விடணும்?

நாங்கள் கிலோமீட்டரில் பேசுவதில்லை, கடல் மைலில்தான் பேசுவோம். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. ரேடார் பார்த்துப் பிரிக்கும்போது பொதுவாக 5 மைல், அதாவது ஒன்பதே கால் கிலோமீட்டர். விமான நிலையத்தை ஒட்டிய பகுதியில், ரேடார் அதற்குத் தகுதியானதாக இருந்தால் 3 மைல். கடைசி 10 மைலுக்குள், ஓடுபாதையை விமானங்கள் சீக்கிரம் காலி செய்கிற பெரிய நிலையங்களில் மட்டும், இரண்டரை மைல் வரை குறைக்க உலக விதிமுறை இடம் கொடுக்கிறது. ரேடார் இல்லாத இடத்தில் மைல் கணக்கை விட்டுவிட்டு நிமிஷக் கணக்குக்குப் போவோம். அப்போது இடைவெளி நிறையவே கூடும்.

3 மைல் என்றால் ஐந்தரை கிலோமீட்டர். சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து மத்தியப் பேருந்து நிலையம் போகிற தூரம், கிட்டத்தட்ட.

4. அஞ்சரை கிலோமீட்டர்னா ஜாஸ்தி இல்லையாண்ணே? ரோட்டுல நாலு பஸ்ஸு முட்டிக்கிட்டு வருதே?

பஸ்ஸுக்கு பிரேக் உண்டு. வானத்தில் நிற்க முடியாது, பின்னால் போக முடியாது. மெதுவாகவும் ஓர் அளவுக்குத்தான் போக முடியும், அதற்குக் கீழே போனால் இறக்கை தாங்காது. நடுத்தர ஜெட் ஒன்று கடைசிக் கட்டத்தில் 140 நாட் வேகத்தில் வரும், அதாவது மணிக்கு 140 கடல் மைல், 260 கி.மீ. அந்த வேகத்தில் 3 மைல் என்பது 77 வினாடி. அதை நேரமாகப் பாருங்கள், ஜாஸ்தியாகத் தெரியாது.

அந்த 77 வினாடிக்குள் என்ன நடக்க வேண்டும்? முன்னால் போனவர் தரையைத் தொட்டு, வேகம் குறைத்து, ஓடுபாதையை விட்டு வெளியேற வேண்டும். அதற்கே ஐம்பது வினாடி போகும். மிச்சம் இருபத்தைந்து, முப்பது வினாடி. முன்னவர் வெளியேறாமல் நின்றுவிட்டால் அதைக் கண்டுபிடிக்க, பின்னவரை மேலே ஏறச் சொல்ல, அவர் கேட்டுச் செய்ய, எல்லாம் அதற்குள்தான். நம்மூர்ப் பக்கம் இருந்த ஒற்றை வழிப் பாலங்கள் ஞாபகம் இருக்கிறதல்லவா? எதிரே ஒரு வண்டி ஏறிவிட்டால் அது இறங்குகிற வரை இந்தப் பக்கம் காத்திருக்கத்தான் வேண்டும். ஓடுபாதையும் அப்படித்தான், ஒரு நேரத்தில் ஒருவருக்கே சொந்தம்.

ஓடுபாதைக்கு இணையாக முழு நீளத்துக்கும் டாக்சிவே (விமானங்கள் ஊர்ந்து போகிற பக்கப் பாதை) இல்லாத நிலையங்களில் இறங்கிய விமானம் அதே ஓடுபாதையில் திரும்பி நடந்து வர வேண்டியிருக்கும். அங்கே ஐம்பது வினாடி மூன்று, நான்கு நிமிஷமாகிவிடும். அதற்கேற்ப 3 மைலை 8 மைல், 10 மைலாக நாங்களே கூட்டிக்கொள்வோம்.

5. பெரிய விமானத்துக்குப் பின்னாடி சின்னது வரக்கூடாதுன்னு சொல்றாங்களே, அது ஏன்?

வரலாம், தள்ளி வர வேண்டும். தஞ்சாவூர் நாலு வழிச் சாலையில் டி.வி.எஸ். ஐம்பதில் போகும்போது பக்கத்தில் அரசு விரைவுப் பேருந்து ஒன்று விர்ரென்று தாண்டினால் வண்டி ஆடுமே, முதலில் இழுக்கும், அப்புறம் தள்ளும். அதை அனுபவித்தவர்களுக்கு இது உடனே புரியும். விமானத்தில் அந்தக் காற்று இறக்கையின் இரண்டு முனையிலிருந்தும் புறப்படுகிறது. இறக்கைக்குக் கீழே அழுத்தம் கூடுதல், மேலே குறைவு. முனையைச் சுற்றிக்கொண்டு கீழ்க்காற்று மேலே பாய்கிறது. அதனால் விமானத்துக்குப் பின்னால் இரண்டு காற்றுச் சுழல்கள், படுக்க வைத்த சூறாவளி மாதிரி, நீளமாகக் கிடக்கும். கண்ணுக்குத் தெரியாது. நிமிஷத்துக்கு 300 முதல் 500 அடி வரை கீழே இறங்கும். விமானம் எவ்வளவு கனமோ, எவ்வளவு மெதுவாகப் போகிறதோ, சுழல் அவ்வளவு வலுவாக இருக்கும். இறங்கும் நேரம்தான் எல்லாரும் மெதுவாகப் போகிற நேரம்.

அதனால் எடையை வைத்துப் பிரித்திருக்கிறார்கள். புறப்படும்போது அதிகபட்சம் 7 டன் வரை இருந்தால் லைட். அதற்கு மேல் 136 டன் வரை மீடியம். 136 டன் முதல் ஹெவி. ஏர்பஸ் ஏ380 மட்டும் 575 டன், அதற்குத் தனியாக சூப்பர் என்று பெயர். ஹெவிக்குப் பின்னால் மீடியம் வந்தால் 5 மைல், லைட் வந்தால் 6 மைல். ஏ380-க்குப் பின்னால் மீடியம் என்றால் 7 மைல், 13 கிலோமீட்டர். ரேடார் இல்லையென்றால் ஹெவிக்குப் பின்னால் இறங்கும் மீடியத்துக்கு 2 நிமிஷம், லைட்டுக்கு 3 நிமிஷம். மூன்றாவது கேள்வியில் சொன்ன 3 மைலும் இதுவும் வேறுபட்டால் எது கூடுதலோ அதுதான் சட்டம்.

திருச்சியில் நாம் அன்றாடம் பார்க்கிற ஏர்பஸ் ஏ320, போயிங் 737, புரொப்பெல்லர் வைத்த ஏ.டி.ஆர். எல்லாமே மீடியம்தான். எழுபது, எண்பது டன் ஏர்பஸ்ஸும் இருபத்து மூன்று டன் ஏ.டி.ஆரும் ஒரே வகுப்பில் இருக்கின்றன. விதிப்படி அவற்றுக்கிடையே சுழலுக்காகத் தனி இடைவெளி கிடையாது. ஆனால் காற்று அசையாமல் நிற்கிற நாளில், ஏர்பஸ்ஸுக்குப் பின்னால் வருகிற ஏ.டி.ஆருக்கு ஒரு மைல் சேர்த்தே விடுவேன். கேட்டவர்களுக்கெல்லாம் என் பதில், அந்த ஒரு மைலால் யாருக்கும் நஷ்டமில்லை என்பதுதான்.

6. அந்தச் சுழல்ல நிஜமாவே யாராவது மாட்டியிருக்காங்களா?

மாட்டியிருக்கிறார்கள். 2017 ஜனவரி 7 அன்று மாலத்தீவிலிருந்து கிளம்பிய சேலஞ்சர் என்ற சிறு ஜெட் அரபிக்கடலுக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. எதிரே, அதற்கு 1,000 அடி மேலே, ஒரு ஏ380 கடந்து போனது. இரண்டாவது கேள்வியில் சொன்ன விதி அப்படியே கடைப்பிடிக்கப்பட்டிருந்தது. ஒரு நிமிஷம் கழித்து அந்தச் சுழல் கீழே இறங்கி வந்து சேலஞ்சரைப் பிடித்துக்கொண்டது. விமானம் பல தடவை புரண்டு, பல ஆயிரம் அடி கீழே விழுந்தது. பைலட்டுகள் சமாளித்து மஸ்கட்டில் இறக்கினார்கள். உள்ளே இருந்தவர்களுக்குக் காயம். விமானம் மறுபடி பறக்கவே இல்லை.

இடைவெளி என்றால் மோதாமல் இருப்பதற்கு மட்டும் என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். விமானம் போன பிறகும் அதன் பாதை கொஞ்ச நேரம் காலியாவதில்லை.

7. திரையில புள்ளி புள்ளியா வருது. நீங்க எப்படிப் பிரிச்சு வரிசை போடுவீங்க?

எங்கள் கையில் இருப்பது நாலே நாலு. உயரத்தை மாற்றலாம், திசையை மாற்றலாம், வேகத்தை மாற்றலாம், கடைசியாக வானத்திலேயே வட்டமடிக்கச் சொல்லலாம்.

ஒரு கணக்கு சொல்கிறேன். சென்னையிலிருந்து ஒரு ஏ.டி.ஆர்., கோலாலம்பூரிலிருந்து ஒரு ஏர்பஸ். இரண்டும் ஒரே நேரத்துக்கு வருகின்றன. ஏ.டி.ஆர். முன்னே, ஏர்பஸ் பின்னே என்று வைத்தால் என்ன ஆகும்? ஏ.டி.ஆர். கடைசிக் கட்டத்தில் 110 நாட் வேகம்தான். மிச்சமிருக்கும் 10 மைலை அது கடக்க ஐந்தரை நிமிஷம் ஆகும். அதே ஐந்தரை நிமிஷத்தில் ஏர்பஸ் 140 நாட் வேகத்தில் ஏறக்குறைய 13 மைல் வந்துவிடும். ஆகவே ஏ.டி.ஆர். 10 மைலில் இருக்கும்போது பின்னால் 6 மைல் விட்டால்தான், அது தரை தொடும்போது 3 மைல் மிஞ்சும். ஏர்பஸ்ஸை முன்னே விட்டால் இந்தக் கவலையே இல்லை, இடைவெளி தானாக விரிந்துகொண்டே போகும். யார் முதலில் வந்தாரோ அவர் முதலில் இறங்குவது பொது வழக்கம். ஆனாலும் இப்படி முன்பின் மாற்றினால் இருவருக்குமே நேரம் மிச்சம் என்றால் மாற்றிவிடுவோம்.

மாற்றிய பின் ஏ.டி.ஆருக்கு, "இருபது டிகிரி இடது பக்கம் திரும்பு" என்போம். நேர்வழியை விட்டு ஒரு வளைவு போட்டு வரும்போது இரண்டு மூன்று மைல் கூடுதலாக ஓடும். அதற்குள் ஏர்பஸ் முன்னே போய்விடும். உள்ளே இருப்பவர்களுக்கு ஜன்னலில் காவிரி ஒரு தடவை கூடுதலாகத் தெரியும், அவ்வளவுதான். வேகத்தை மட்டும் கடைசி 4 மைலுக்குள் தொட மாட்டோம். அந்தக் கட்டத்தில் பைலட்டுக்குத் தன் விமானத்தை நிலையாக இறக்குவதைத் தவிர வேறு வேலை கொடுக்கக் கூடாது.

8. வட்டமடிக்கச் சொல்றதுன்னா எத்தனை பேரை அப்படி நிறுத்தி வைக்கலாம்?

அதற்கு ஹோல்டிங் என்று பெயர். நீள்வட்டமான ஓட்டப் பாதை. ஒரு நிமிஷம் நேராக, ஒரு நிமிஷம் திரும்ப, மறுபடி ஒரு நிமிஷம் நேராக, ஒரு நிமிஷம் திரும்ப. ஒரு சுற்றுக்கு நாலு நிமிஷம். ஒரே இடத்தில் 1,000 அடிக்கு ஒருவராக அடுக்கலாம். அடியில் இருப்பவரை இறங்க அனுப்பிவிட்டு, மேலே இருப்பவர்களை ஒவ்வொரு படியாகக் கீழே கொண்டுவருவோம். மார்கழிக் காலைப் பனியிலும் ஐப்பசி மழையிலும் இது நடக்கும். ஓடுபாதை தெளிவதற்குள் எரிபொருள் கணக்கு நெருங்கினால் பைலட் மதுரைக்கோ சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்விடுவார். அதை முடிவு செய்பவர் பைலட்.

9. எம்மவன் வந்த விமானம் தரைக்கிட்ட வந்துட்டு திடீர்னு மேல ஏறிடுச்சாம். உசுரே போயிட்டுதுன்னான். யாரு செஞ்ச தப்பு அது?

அம்மா, அது தப்பே இல்லை. அதற்கு கோ-அரவுண்ட் என்று பெயர். ஒவ்வொரு பைலட்டும் அதைப் பழகிப் பழகித்தான் வருகிறார். ஒவ்வொரு இறக்கத்துக்கும் முன்னால், ஏற வேண்டி வந்தால் எந்த உயரம், எந்தத் திசை என்று அவர்கள் பேசி வைத்துக்கொள்கிறார்கள். வரைபடத்திலும் அது அச்சாகியிருக்கும். முன்னால் போனவர் ஓடுபாதையை விட்டு வெளியேறத் தாமதித்திருக்கலாம், குறுக்கே நாய் ஓடியிருக்கலாம், காற்று திடீரென்று மாறியிருக்கலாம். நாலாவது கேள்வியில் சொன்ன இருபத்தைந்து வினாடி போதவில்லை என்று யாரோ ஒருவர் சரியான நேரத்தில் முடிவு எடுத்திருக்கிறார்.

என்ஜின் சத்தம் சட்டென்று கூடும், மூக்கு மேலே தூக்கும், சீட்டில் முதுகு அழுந்தும். பயமாகத்தான் இருக்கும். பைலட் அந்த நேரத்தில் அறிவிப்பு செய்ய மாட்டார், அவருக்குக் கை நிறைய வேலை. பத்துப் பதினைந்து நிமிஷத்தில் மறுபடி வரிசைக்குள் வந்து இறங்குவார். இப்படி ஏறிப் போனவரைக் குறை சொல்லாதீர்கள். ஏறலாமா வேண்டாமா என்று தயங்குகிறவரைப் பார்த்துத்தான் எனக்குப் பயம்.

10. 2024-ல ஷார்ஜா போற விமானம் நம்ம தலைக்கு மேலயே ரெண்டரை மணி நேரம் சுத்துச்சே, ஏன் உடனே இறக்கல?

அக்டோபர் 11, ஆயுத பூஜை நாள். எல்லா வீட்டிலும் டி.வி. ஓடியது, எங்கள் தெருவே வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தது. புறப்பட்டவுடன் ஹைட்ராலிக் கோளாறு. உள்ளே 140 பேருக்கு மேல். அது போயிங் 737. பறக்கும்போதே எரிபொருளைக் கொட்டிவிடுகிற வசதி அந்த ரகத்தில் கிடையாது. அதிகபட்சம் 79 டன் எடையில் கிளம்பலாம், இறங்கும்போது 66 டன்தான் அளவு. அதனால் திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் மேலே சுற்றிச் சுற்றி எரிபொருளை எரித்துவிட்டு, இரவு எட்டே காலுக்கு நல்லபடியாக இறங்கினார்கள்.

நீங்கள் பார்த்தது அந்த ஒரு விமானத்தை. அன்று அந்த அறையில் இருந்தவர்களுக்கு வேலை மற்ற விமானங்களை வைத்துத்தான். சுற்றுகிறவருக்கு ஒரு வானத்தையே தனியாக ஒதுக்க வேண்டும். அவர் எந்த நிமிஷம் "இப்போது இறங்குகிறேன்" என்றாலும் ஓடுபாதை காலியாக இருக்க வேண்டும். தீயணைப்பு வண்டிகளும் ஆம்புலன்ஸ்களும் நிற்க வேண்டும். வரிசை விதிகளில் ஆபத்தில் இருப்பவருக்கே முதலிடம்.

11. ஆடி மாசம் ஒரு பக்கம் இறங்குது, கார்த்திகையில வேற பக்கம் இறங்குது. ஏன்?

விமானம் எதிர்காற்றில் இறங்கும். திருச்சி ஓடுபாதை கிழக்கு மேற்காக இருக்கிறது. ஒரு முனைக்கு 09, மறு முனைக்கு 27 என்று எண். திசைமானியின் 90, 270 டிகிரியில் கடைசிச் சுழியை எடுத்துவிட்டால் வருகிற எண்கள். அம்மியும் பறக்கிற ஆடிக்காற்று மேற்கிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும். அப்போது கிழக்கிலிருந்து, செங்கிப்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து இறங்குவார்கள். வடகிழக்குப் பருவத்தில் மேற்கிலிருந்து.

காற்றுக்கும் இடைவெளிக்கும் ஒரு தொடர்பு உண்டு. 25 நாட் எதிர்காற்று அடித்தால் 140 நாட் வேகத்தில் பறப்பவர் தரைக்கணக்கில் 115-தான் நகர்வார். அதே 3 மைல் 77 வினாடிக்குப் பதிலாக 94 வினாடியாகும். திருச்சிக்கு அது பெரிய விஷயமில்லை. லண்டன் ஹீத்ரோ மாதிரி ஒன்றரை நிமிஷத்துக்கு ஒருவர் இறங்குகிற இடத்தில் காற்றடிக்கிற நாளெல்லாம் தாமதம் சேர்ந்துகொண்டே போகும். அங்கே 2015 முதல் மைலுக்குப் பதில் நேரத்தை வைத்தே இடைவெளி கணக்கிடுகிறார்கள்.

12. தஞ்சாவூர்ல சுகோய் பறக்குதே, அதுவும் உங்க வரிசையில வருமா?

வராது. தஞ்சை விமானப்படைத் தளத்தில் 2020 ஜனவரியில் சுகோய்-30 படைப்பிரிவு வந்தது. வரைபடத்தைப் பாருங்கள், திருச்சி ஓடுபாதைக்குக் கிழக்கே நாற்பது கிலோமீட்டர் சொச்சத்தில், கிட்டத்தட்ட அதே நேர்கோட்டில் அந்தத் தளம் இருக்கிறது. அதனால் அவர்கள் பறக்கும் பகுதி, உயரம், நேரம் எல்லாம் முன்கூட்டியே பேசி ஒதுக்கப்படும். இரண்டு கட்டுப்பாட்டு அறைக்கும் நேரடித் தொலைபேசி இருக்கும். ஒதுக்கிய பகுதிக்குள் பயணிகள் விமானத்தை நாங்கள் விடமாட்டோம். சில நாள் உங்கள் விமானம் சுற்றி வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

13. இவ்வளவு கணக்கையும் கம்ப்யூட்டரே போட்டுடாதா? மனுசன் எதுக்கு?

போடுகிறது, எச்சரிக்கவும் செய்கிறது. இரண்டு விமானம் நெருங்கினால் திரையில் சிவப்பாக மின்னும். விமானத்துக்குள்ளேயே டிகாஸ் என்று ஒரு கருவி உண்டு. எதிரே வருபவரின் டிரான்ஸ்பாண்டரோடு (விமானத்தின் அடையாள எண்ணையும் உயரத்தையும் அனுப்புகிற கருவி) பேசிக்கொண்டு, ஒருவரை ஏறவும் மற்றவரை இறங்கவும் சொல்லும்.

1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே சவூதி விமானமும் கஜகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் இறந்தார்கள். இரண்டுக்கும் 1,000 அடி இடைவெளி கொடுக்கப்பட்டிருந்தது, ஒருவர் தனக்குச் சொன்ன உயரத்துக்குக் கீழே இறங்கிவிட்டார். அதற்குப் பிறகுதான் நம் நாட்டில் டிகாஸ் கட்டாயமானது. 2002 ஜூலை 1 அன்று ஜெர்மனியின் யூபர்லிங்கனுக்கு மேலே இன்னொரு மோதல், 71 பேர். அங்கே டிகாஸ் ஏறு என்றது, கன்ட்ரோலர் இறங்கு என்றார், பைலட் கன்ட்ரோலர் பேச்சைக் கேட்டார். அன்றிரவு அந்த அறையில் அந்த வானம் முழுவதற்கும் அவர் ஒருவர்தான் இருந்தார். இப்போது விதி தெளிவு: டிகாஸ் சொன்னால் அதுதான் இறுதி. பைலட் அதைச் செய்கிறேன் என்றவுடன் நாங்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

கருவி கடைசி நொடிக்கான வேலி. ஒரு பைலட்டின் குரலில் உள்ள தயக்கத்தைக் கேட்டு, அவருக்கு ஒரு மைல் கூடுதலாக விடுவது இன்னும் மனிதர் வேலையாகத்தான் இருக்கிறது.

14. ரன்வேல ஒரு விமானம் நிக்கிறப்பவே இன்னொண்ணுக்கு இறங்க அனுமதி கொடுத்துட்டா?

நான் அதிகம் அஞ்சியது இதற்குத்தான். 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடாவில் கடலோரக் காவல்படையின் சிறு விமானம் ஓடுபாதையில் நின்றபோது ஏர்பஸ் ஏ350 வந்து இறங்கிவிட்டது. ஏ350-இல் இருந்த 379 பேரும் தப்பினார்கள். சிறு விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐந்து பேர் போய்விட்டார்கள். 1977 மார்ச் 27 அன்று டெனரீஃப் தீவில் பனிமூட்டத்தில் இரண்டு ஜம்போ ஜெட்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். விமான வரலாற்றில் அதைவிடப் பெரிய விபத்து இல்லை.

டவரில் எங்கள் முன்னால் ஒரு சாய்ந்த பலகை இருக்கும். ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு காகிதச் சீட்டு, விரல் நீளப் பிளாஸ்டிக் பட்டையில் செருகியது. பேர், ரகம், உயரம், நேரம் எல்லாம் அதில். உயரம் மாறினால் பழையதைக் குறுக்கே அடித்துப் புதியதை எழுத வேண்டும். ஓடுபாதையில் ஆய்வு ஜீப்போ புல் வெட்டும் வண்டியோ போனால், "ஓடுபாதையில் ஆள்" என்பதற்கான சிவப்புப் பட்டையைப் பலகை நடுவே வைப்போம். கண் அதில் படாமல் யாருக்கும் அனுமதி சொல்ல முடியாது. ஜீப் வெளியேறிவிட்டதாக ரேடியோவில் சொல்லி, என் கண்ணாலும் பார்த்த பிறகுதான் அந்தப் பட்டை எடுபடும். பல நிலையங்களில் இப்போது இதெல்லாம் திரைக்கு மாறிவிட்டது.

15. ஏன் இங்கிலீஷ்லயே பேசுறீங்க? திருச்சிப் பைலட்டு, திருச்சி டவரு, தமிழ்ல பேசினா என்ன?

அந்த அலைவரிசையில் இருக்கும் எல்லாரும் எல்லார் பேச்சையும் கேட்கிறார்கள். மலேசியப் பைலட்டுக்கும், தனக்கு முன்னால் யாருக்கு என்ன உத்தரவு போனது என்று தெரிந்தால்தான் மனதில் படம் விழும். நாங்கள் சொல்வதைப் பைலட் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். அதற்கு ரீட்பேக் என்று பெயர். திருப்பிச் சொன்னதை நாங்கள் கேட்டுச் சரிபார்க்காவிட்டால் உத்தரவு முடிந்ததாக அர்த்தமில்லை.

16. ரேடியோவே செத்துப் போச்சுன்னா?

டிரான்ஸ்பாண்டரில் 7600 என்று பைலட் போடுவார், எங்களுக்குப் புரிந்துவிடும். அவர் என்ன செய்வார் என்பதற்கு எழுதி வைத்த நடைமுறை உண்டு, அதன்படி மற்றவர்களை விலக்குவோம். டவரில் ஒரு கைவிளக்கும் இருக்கிறது. அசையாத பச்சை காட்டினால் இறங்கலாம். அசையாத சிவப்பு என்றால் வழிவிட்டுச் சுற்று.

17. வயலுக்கு மருந்தடிக்க டிரோன் வாங்கியிருக்கோம். ஏர்போர்ட்டுக்கு எவ்வளவு தள்ளிப் பறக்கவிடலாம்?

வாங்கியவர்கள் இதைக் கேட்பதே எனக்கு நிம்மதி. விமான நிலையச் சுற்றுச்சுவரை ஒட்டிய பகுதி சிவப்பு மண்டலம், அரசு அனுமதி இல்லாமல் பறக்கவே கூடாது. அதற்கு வெளியே 12 கிலோமீட்டர் வரை மஞ்சள் மண்டலம், அங்கே உயரத்தைப் பொறுத்து ஏ.டி.சி. அனுமதி வேண்டும். அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் உங்கள் வயல் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு மருந்தைக் கரையுங்கள். தஞ்சைத் தளத்தைச் சுற்றியும் தடை உண்டு, மறந்துவிடாதீர்கள். இரவில் லேசர் விளக்கை விமானத்தை நோக்கி அடிக்கிற பிள்ளைகளையும் தயவுசெய்து கண்டியுங்கள். இறங்குகிற பைலட்டின் கண் சில வினாடி இருண்டுவிடும்.

18. எம்பொண்ணு பி.எஸ்சி. பிசிக்ஸ் முடிச்சிருக்கு. இந்த வேலைக்குப் போகலாமா மாமா?

தாராளமாக. கணிதத்தோடு இயற்பியல் படித்த பி.எஸ்சி. அல்லது பொறியியல் பட்டம் வேண்டும். விமான நிலைய ஆணையம் ஜூனியர் எக்சிக்யூட்டிவ் பதவிக்கு அறிவிப்பு வெளியிடும். பொதுப்பிரிவுக்கு வயது வரம்பு 27. எழுத்துத் தேர்வு, குரல் சோதனை, மருத்துவப் பரிசோதனை. அப்புறம் பிரயாக்ராஜ், ஐதராபாத் போன்ற இடங்களில் பயிற்சி. ஒரு நிலையத்தில் தேறினாலும் வேறு நிலையத்துக்கு மாற்றினால் அங்கே மறுபடி பழகித் தேற வேண்டும். பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். என்னோடு வேலை பார்த்தவர்களில் நெரிசலான நேரத்தில் குரல் ஏறாமல் பேசியவர் ஒரு பெண்தான்.

இரவுப் பணி உண்டு, தீபாவளி பொங்கல் கிடையாது. மணிக்கணக்கில் தொடர்ந்து உட்கார விடமாட்டார்கள், நடுவே ஓய்வு கட்டாயம். அதை ஏய்த்து யாராவது உட்காரச் சொன்னால் மறுக்கிற தைரியத்தையும் அவளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

19. இத்தனை வருஷத்துல நீங்க ஒரு தடவையாவது பயந்திருக்கீங்களா?

ஐப்பசி மாத இரவு, கொட்டுகிற மழை. எந்த ஊர் என்பது வேண்டாம். இரண்டு விமானம் வட்டமடித்துக்கொண்டிருந்தன. 4,000 அடியில் இருந்தவருடைய எண் 461 என்று முடியும். அவருக்கு நேர் மேலே 5,000 அடியில் இருந்தவருடைய எண் 641. மழை சற்று விட்டதும் 461-ஐ 3,000 அடிக்கு இறங்கச் சொன்னேன். இரைச்சலோடு பதில் வந்தது: "3,000 அடிக்கு இறங்குகிறோம், 641."

மேலே இருந்தவர் கீழே இருப்பவருக்குச் சொன்னதை எடுத்துக்கொண்டார். இறங்கினால் 461 இருக்கிற உயரத்தின் வழியாகத்தான் இறங்க வேண்டும். என் பேனா 461-இன் சீட்டில் 3,000 என்பதை எழுதிக்கொண்டிருந்தது, மூன்றுக்குப் பக்கத்தில் முதல் சுழி போட்டிருந்தேன். காதில் விழுந்தது வேறு எண். "நெகடிவ், 641 ஐயாயிரத்திலேயே இரு" என்று இரண்டு தடவை சொன்னேன். அவர் திருப்பிச் சொல்வதற்குள் மூன்று நான்கு வினாடி. ரேடாரில் அவர் உயரம் 5,000 என்றே நின்றது. பிறகு 461-ஐத் தனியாக, ஒவ்வொரு இலக்கமாக நிறுத்திச் சொல்லிக் கூப்பிட்டு இறக்கினேன். 641 நாலு நிமிஷம் கழித்து இறங்கியது.

பணி முடிந்ததும் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். எழுதும்போதுதான் கை நடுங்கியது. அடுத்த கால அட்டவணையில் அந்த இரண்டில் ஒன்றுக்கு எண் மாற்றியிருந்தார்கள்.